நாற்பது மார்க்கில் மீண்டும் ஒரு தொடக்கம்

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் மேற்குப் பகுதி ஊர்களில் உணவுப் பங்கீட்டு அட்டை வழங்கும் இடங்களின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். பழைய ரைக்ஸ்மார்க் நாற்பதைக் கொடுத்தால் புதிய டாய்ச் மார்க் நாற்பது கிடைத்தது. மேலும் 20 மார்க் பின்னர் தரப்பட்டது. ஆலை உரிமையாளருக்கும் அவருடைய வாயிற்காவலருக்கும் அன்று ஒரே தொகைதான். அந்த நோட்டுகள் அமெரிக்காவில் அச்சிடப்பட்டு, மிகுந்த இரகசியத்துடன் கப்பலில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் வந்து இறங்கியவை. போருக்குப் பின் ஜெர்மனி எழுந்து நின்ற கதையை எல்லோரும் இங்கிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள். வங்கியில் கணக்கு வைத்திருக்கும் நமக்கோ இக்கதையில் முதலில் எழும் கேள்வி வேறு: அதுவரை சேமித்து வைத்தவர்களின் பணம் என்னவாயிற்று?

அதற்கு விடை காணப் போர்க்காலத்துக்குச் செல்ல வேண்டும். 1936இலேயே நாஜி அரசு விலைகளை உறைய வைத்துவிட்டது. போர் தொடங்கியபின் கடைகளில் வாங்குவதற்குப் பொருள் குறைந்தது. மக்களின் ஊதியம் சேமிப்புக் கணக்குகளில் சேர்ந்தது. வங்கிகள் அந்தப் பணத்தைக் கொண்டு அரசின் கடன் பத்திரங்களை வாங்க வேண்டியிருந்தது. ஆகவே, பிள்ளையின் படிப்புக்கென்றும் முதுமைக்கென்றும் சேமித்தவர் தமக்குத் தெரியாமலே பீரங்கிக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். 1945 மே மாதம் நாடு சரணடைந்தபோது கடன் வாங்கிய அரசே இல்லாமற்போயிற்று. வங்கி ஏட்டில் ஒரு பக்கம் வைப்புத்தொகை இருந்தது. அதற்கு ஈடாக மறுபக்கம் இருந்தவை வெறும் காகிதங்கள்.

அடுத்த மூன்று ஆண்டுகள் பணம் இருந்தும் பணமில்லாத காலம். மக்களிடம் ரைக்ஸ்மார்க் குவிந்திருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. கள்ளச்சந்தையில் அமெரிக்க சிகரெட்டே நாணயமாகப் புழங்கியது. நகரவாசிகள் துணிமணிகளையும் கம்பளங்களையும் சுமந்துகொண்டு இரயிலேறிக் கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்குக்கு மாற்றினார்கள். அதற்காகத் தொழிலாளர்கள் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. ஒரு வாரக் கூலியைவிட ஒரு மூட்டைக் கிழங்கு மேலானதாக இருக்கையில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நாணயச் சீர்திருத்தத்தை வகுத்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆட்சியாளர்களின் கையே ஓங்கியிருந்தது. அதனுடன் சேர்த்துப் பெரும்பாலான பொருள்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியவர், அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்களின் பொருளாதார நிர்வாகத் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட். முக்கிய உணவுப்பொருள்கள், வீட்டு வாடகை, நிலக்கரி, எஃகு ஆகியவற்றின் மீது மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. திங்கட்கிழமை கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பானைகளும் காலணிகளும் நிறைந்திருந்தன. ஓரிரவில் எந்த ஆலையும் அவற்றைச் செய்துவிடவில்லை. நல்ல பணம் வரட்டும் என்று பதுக்கி வைத்தவை அவை. பதுக்கியவர் ஆதாயம் பெற்றார் என்பதும் இந்த 'அதிசயத்தின்' ஒரு பகுதியே.

சேமித்தவர் நிலை வேறு. ஊதியமும் வாடகையும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாறின. கடன்கள் பத்தில் ஒரு பங்காயின. வங்கியிலிருந்த 100 ரைக்ஸ்மார்க்குக்கு இறுதியில் கிடைத்தது 6 மார்க் 50 பெனிக். நிலமோ வீடோ ஆலைப் பங்குகளோ வைத்திருந்தவரின் சொத்து அப்படியே நின்றது. 1923ஆம் ஆண்டின் கடும் பணவீக்கத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த அதே தலைமுறை, கால் நூற்றாண்டுக்குள் இரண்டாம் முறை இழந்தது. பழைய சேமிப்பாளர்களுக்கு ஓரளவு ஈடு செய்ய 1953இல் தனிச்சட்டம் வந்தது. அதுவும் முழு ஈடன்று. விலைவாசி உயர்வை ஜெர்மானியர் இன்றுவரை ஏன் அவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று வியப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் கொள்வது நலம்.

தொடக்கமும் சுமுகமாக இல்லை. விலைகள் ஏறின, கூலி ஏறவில்லை. 1948 நவம்பர் 12 அன்று சுமார் 90 இலட்சம் தொழிலாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1950இன் தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை 20 இலட்சத்தை எட்டியது.

இந்நிலையில் மார்ஷல் திட்டத்தின் உதவி வந்தது. மேற்கு ஜெர்மனி பெற்றது ஏறத்தாழ 140 கோடி டாலர். பிரிட்டனும் பிரான்சும் இதைவிட அதிகம் பெற்றன. ஆகவே தொகையின் அளவைக் காட்டிலும் அது பயன்பட்ட முறை நம் கவனத்துக்குரியது. ஓர் ஆலை அமெரிக்கப் பஞ்சை இறக்குமதி செய்தால், விற்றவருக்கு அமெரிக்க அரசு டாலரில் செலுத்தும். பஞ்சை வாங்கிய ஆலை அதன் விலையை மார்க்கில் ஒரு தனி நிதியில் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து மின் நிலையங்கள், நிலக்கரிச் சுரங்கங்கள், வீடுகள் ஆகியவற்றுக்குக் கடன் தர, 1948இல் பிராங்பர்ட்டில் மறுகட்டுமானக் கடன் வங்கி ஒன்று நிறுவப்பட்டது. அதுதான் இன்றைய கே.எஃப்.டபிள்யூ. அதற்குக் கிளைகள் இல்லை. கடன் வேண்டியவர் தம் வழக்கமான வங்கியின் வழியாகவே பெற்றார். நம் நாட்டில் நபார்டு, வங்கிகளுக்கு மறுநிதி அளிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒருவர் திருப்பிக் கட்டிய கடன் அடுத்தவருக்குக் கடனாயிற்று.

இன்னொரு சுமையும் இருந்தது. கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையில் ஒரு மூட்டையுடன் வந்து சேர்ந்தவர்கள் 1950 அளவில் மேற்கு ஜெர்மனியில் சுமார் 80 இலட்சம் பேர். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் வேறு. 1952இல் இயற்றப்பட்ட சுமைப்பகிர்வுச் சட்டம், போரில் சொத்து தப்பியவர்கள் அதன் மதிப்பில் பாதியை இழந்தவர்களுக்காகத் தர வேண்டும் என்றது. பாதிச் சொத்தை ஒரேயடியாகப் பிடுங்கியிருந்தால் தொழில்கள் படுத்திருக்கும். ஆகவே காலாண்டுத் தவணைகளில் 30 ஆண்டுகளுக்குச் செலுத்த அனுமதித்தார்கள். வீட்டுக்கடனுக்கு இ.எம்.ஐ. கட்டும் நம் வாசகர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்: சொத்தை விற்காமல், அது ஈட்டும் வருமானத்திலிருந்தே பெரும்பாலும் கட்டிவிடலாம். கடைசித் தவணை 1979இல் முடிந்தது. எர்ஹார்டின் பெயர் உலகெங்கும் பரவிய அளவுக்கு இச்சட்டம் பேசப்படவில்லை என்பது எமக்குக் குறையாகவே படுகிறது.

வெளிநாட்டுக் கடன் எஞ்சியிருந்தது. இலண்டனில் 1953 பிப்ரவரி 27 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில், போருக்கு முந்திய, பிந்திய கடன்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டன. ஜெர்மன் தரப்பில் பேசியவர் ஹெர்மன் யோசப் ஆப்ஸ் என்ற வங்கியாளர். ஜெர்மனி ஏற்றுமதி செய்து ஈட்டினால்தான் கடனை அடைக்க முடியும் என்பதைக் கடன் கொடுத்தவர்களும் ஏற்றுக்கொண்டனர். சில ஆண்டுகளிலேயே கடன் வாங்கிய நாடு பிறருக்கு உதவும் நிலைக்கு வந்தது. ரூர்கேலா உருக்காலை மேற்கு ஜெர்மன் ஒத்துழைப்பில் எழுந்தது. 1959இல் சென்னையில் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் அந்நாட்டு உதவியுடன் உருவானதே.

இலண்டனில் ஒரு பகுதி வட்டியை மட்டும், நாடு மீண்டும் ஒன்றிணையும் நாள் வரை ஒத்திவைத்திருந்தார்கள். அந்த நாள் 1990இல் வந்தது. அதற்கான பத்திரங்கள் வெளியிடப்பட்டன. முதல் உலகப்போரின் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன்களோடு தொடர்புடைய அந்தக் கணக்கில் கடைசித் தொகையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3 அன்று கட்டி முடித்தது.