கைக்குழந்தைக்குக் குடல் அடைப்பு: எந்த வயதில், யாருக்கு, ஏன்?



வயிற்றோட்டம், சளிக் காய்ச்சல், நிறை குறைவு பற்றியெல்லாம் கிளினிக்கில் நமக்கு அடிக்கடி சொல்கிறார்கள். குடல் அடைப்பு பற்றி அவ்வளவாகப் பேச்சு வருவதில்லை. அது அபூர்வமாக வருகிற நோய். லயத்தில் யாரும் முன்பு கண்டிராததால், வந்த அன்றைக்கு அதை அடையாளம் காண ஆளில்லாமல் போகிறது. "பால் செரிக்கல", "மாந்தம்", "கண்ணூறு பட்டிருச்சி" என்று சொல்லிக்கொண்டே ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். இந்த நோயில் அந்த ஒரு பகலும் இரவும்தான் பெரிய விஷயம். ஆகவே இது எந்த வயதில் வரும், யாருக்கு வரும், எப்படித் தெரியும் என்பதை நாம் எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

குடல் அடைப்பு என்றால் என்ன?

நாம் சாப்பிடுவது இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கும், அங்கிருந்து பெருங்குடலுக்கும் போய், மலமாக வெளியே வருகிறது. இந்தப் பாதையில் ஓர் இடத்தில் வழி மூடிக்கொண்டால் அதுதான் குடல் அடைப்பு. கீழே போக முடியாதது மேலே திரும்பும். அதனால் வாந்தி வரும். காற்றும் நீரும் தேங்கி வயிறு ஊதும். மலம் நின்றுபோகும், அல்லது கொஞ்சமாக வரும்.

இதில் முக்கியமானது வாந்தியின் நிறம். ஈரலிலிருந்து வரும் பித்தநீர் பச்சை நிறமானது. அது இரைப்பையைத் தாண்டிய பின்தான் குடலில் சேருகிறது. கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், அதற்குக் கீழே எங்கோ அடைப்பு இருக்கலாம் என்று பொருள். பால் கக்குவது வேறு, பச்சை வாந்தி வேறு.

ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு அடைப்பு

எல்லா வயதிலும் ஒரே காரணத்தால் அடைப்பு வருவதில்லை. டொக்டர்மார் முதலில் பிள்ளையின் வயதைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பிறந்து முதல் இரண்டு நாள்: குடலோ ஆசனவாயோ சரியாக உருவாகாமல் சில பிள்ளைகள் பிறக்கின்றன. ஆசனவாய்க் குறைபாடு ஏறக்குறைய 5,000 பிறப்புக்கு ஒன்று. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாமல் பிறப்பது 'ஹிர்ஷ்ப்ருங்' நோய். அதுவும் 5,000க்கு ஒன்று அளவில்தான். ஆண் பிள்ளைகளுக்கு அது பல மடங்கு கூடுதல். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை முதல் 24 மணித்தியாலத்துக்குள் கறுத்த முதல் மலத்தைப் போகவேண்டும். 48 மணித்தியாலம் ஆகியும் போகாவிட்டால் கட்டாயம் டொக்டர் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டு முன் "பிள்ளை வெளிக்குப் போனதா?" என்று நேர்ஸ் கேட்பதும் இதற்காகத்தான்.

முதல் ஒரு மாதம்: குடல் வயிற்றுக்குள் சரியான இடத்தில் அமையாமல் பிறந்த பிள்ளைக்கு அது முறுக்கிக்கொள்ளலாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரெனப் பச்சையாக வாந்தி எடுக்கும். முறுக்கிய குடலுக்கு இரத்தம் போகாது. இங்கே மணிக்கணக்குத்தான் அவகாசம்.

இரண்டாம் கிழமை முதல் எட்டாம் கிழமை வரை: இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து, பால் இறங்க முடியாமல் போகும். பால் குடித்தவுடன் தூர எறிந்தது போல வாந்தி வரும். பச்சை இருக்காது. வாந்தி எடுத்த கையோடு பிள்ளை மறுபடி பாலுக்கு அழும். நிறை இறங்கும். இதுவும் ஆண் பிள்ளைகளுக்கே கூடுதலாக வருகிறது.

எந்த மாதத்திலும்: அரையில் குடலிறக்க வீக்கம் உள்ள பிள்ளைக்கு, அந்த வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றால் அடைப்புத்தான். மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு இது கூடுதல்.

நாலாம் மாதம் முதல் பத்தாம் மாதம் வரை: இந்த வயதில் வரும் அடைப்புகளில் மிகப் பெரும்பாலானது 'குடல் செருகல்'. ஆஸ்பத்திரியில் இதை 'இன்டசசெப்ஷன்' என்பார்கள். நாம் விரிவாகச் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

குடல் செருகல்: எப்படி நடக்கிறது?

சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்தால் துணி துணிக்குள் போய் மடியும் அல்லவா? அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. பெரும்பாலும் சிறுகுடலின் முடிவு பெருங்குடலுக்குள் போகும். குடல் அலையலையாக அசைவதால், செருகியது இன்னும் உள்ளே இழுபடும். அதோடு அந்தப் பகுதியின் இரத்தக் குழாய்களும் நசுங்கும். முதலில் குடல் வீங்கும். பிறகு சளியும் இரத்தமும் கசியும். கடைசியில் இரத்த ஓட்டம் நின்று அந்தக் குடல் அழுகும், ஓட்டையும் விழலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது?

பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு வயதுக்குக் குறைந்த 100,000 பிள்ளைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 74 பேருக்கு வருவதாகத் தெரிந்தது. நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் உண்டு. சில இடங்களில் 10க்கும் குறைவு, சில இடங்களில் 300க்கும் மேல். வியட்நாம், தென் கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. கூடுதலாக வருவது ஐந்து முதல் ஏழு மாதப் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

இந்த 74 என்ற கணக்கை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 1,350 பிள்ளைகளில் ஒருவர் என்று வரும். ஆண்டுக்கு 50 பிள்ளைகள் பிறக்கிற ஒரு பெரிய தோட்டத்தில் 27 ஆண்டுக்கு ஒரு தரம்தான் இது வரும். பத்துப் பிள்ளை வளர்த்த அம்மாயிக்கும் இது தெரியாமல் இருப்பது ஆச்சரியமில்லை. அவருடைய அனுபவத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பெரியாஸ்பத்திரி சேர்ஜன்மாருக்கு இது பழக்கமான நோய். பல தோட்டங்களின் பிள்ளைகளும் அங்கேதான் வந்து சேருகிறார்கள்.

ஏன் வருகிறது?

கைக்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தனியான காரணம் எதுவும் அகப்படுவதில்லை. குடலின் சுவரில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சிறு கட்டிகள் உண்டு. சளி, தடிமன், வயிற்றோட்டம் வந்த பின் அவை வீங்கும். அந்த வீக்கத்தைக் குடல் உணவென்று நினைத்துத் தள்ளும்போது செருகல் ஏற்படுகிறது என்பதே இன்றைய விளக்கம். அடினோ என்ற வைரஸ் பல பிள்ளைகளில் காணப்பட்டிருக்கிறது.

இது தாயின் தவறால் வருவதில்லை. தாய்ப்பால் கெட்டுப்போய் வருவதும் இல்லை. நிறை கூடி, கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கும் வரும். ஆறு மாதத்தில் சோறு பருப்பு மசித்துக் கொடுத்ததால் வந்தது என்று நினைத்து, மேலதிக உணவைத் தள்ளிப் போடவும் கூடாது.

ரோட்டா சொட்டு மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, ஏறக்குறைய 10,000 பிள்ளைகளில் ஒருவருக்குக் குடல் செருகலை உண்டாக்கியது கண்டுபிடிக்கப்பட்டு, 1999இல் நிறுத்தப்பட்டது. பிறகு வந்த மருந்துகளில் இரண்டு, ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் சோதிக்கப்பட்டன. அவற்றால் வரும் ஆபத்து மிகச் சிறியது. வயிற்றோட்டத்திலிருந்து காப்பாற்றும் பிள்ளைகளின் தொகை அதைவிட மிகப் பெரியது. ஆகவே 2009இல் உலக சுகாதார ஸ்தாபனம் அவற்றை எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. பழைய கதையைக் கேட்டுக் கிளினிக் ஊசிகளை நிறுத்த வேண்டாம்.

எப்படி அடையாளம் காண்பது?

• திடீரென்று வீரிட்டு அழுகை. முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கும். முகம் வெளிறும்.
• சில நிமிடத்தில் அழுகை நிற்கும். பிள்ளை சாதாரணமாகவோ, களைத்துப் போயோ கிடக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி அதே அழுகை.
• வாந்தி. முதலில் பால், பிறகு பச்சை.
• அழுகைகூட இல்லாமல் பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடக்கலாம். இதைத் "தூங்குது" என்று விடக்கூடாது.
• மலத்தில் சளியும் இரத்தமும் கலந்து சிவப்பு ஜெலி மாதிரி வரும்.

கடைசியாகச் சொன்னது எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்தாலும் பிந்தித்தான் வரும். இரத்தம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தால் காலம் தப்பிவிடும். சீதபேதியிலும் இரத்தம் வரும்தான். இரண்டில் எது என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் டொக்டர் வேண்டும். விட்டுவிட்டு வரும் அழுகையும் வாந்தியும் சேர்ந்து வந்தாலே புறப்பட்டுவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

"ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்த வெட்டிருவாங்க" என்ற பயம் நம்மிடையே உண்டு. நேரத்தோடு போன பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு வெட்ட வேண்டி வராது. முதலில் சேலைன் ஏற்றுவார்கள். ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பிறகு ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, செருகிய குடலைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இது புதிய வைத்தியமல்ல. டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் என்ற டொக்டர் 1876இலேயே நீர் அழுத்தத்தால் குடலைச் சரிசெய்த விபரத்தை வெளியிட்டார். மேலே சொன்ன நோய்க்கும் அவர் பெயர்தான். வியட்நாமின் ஹனோய் நகரில் நோய் கூடுதல் என்றாலும், பத்தில் ஒன்பது பிள்ளைகள் காற்று வைத்தியத்திலேயே குணமாகிறார்கள்.

நேரம் போகப்போக இந்த வைத்தியம் பலிப்பது குறையும். குடல் அழுகியிருந்தால் ஒப்பரேஷன் செய்து அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டிவரும். ஆபிரிக்க நாடுகளின் கணக்குகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் இறந்தார்கள். மற்றப் பகுதிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பிந்தி வருவதும், காற்று நீர் வைத்தியத்துக்கு வசதி இல்லாததும் இதற்கு முக்கிய காரணங்கள்.

குணமான பிள்ளைக்கும், பத்தில் ஒருவருக்கு அளவில், மறுபடி செருகலாம். முக்கியமாக முதல் சில நாட்கள் கவனம் வேண்டும்.

மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையில்

பேறுகால லீவு முடிந்து தாய் மலைக்குப் பேர் போடப் போகும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் அளவில் இருக்கும். அதாவது குடல் செருகல் வருகிற வயது முழுவதும் பிள்ளை பகலில் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறது. முதல் அழுகையைப் பார்ப்பவர் பொறுப்பாளர், தாய் அல்ல. மாலையில் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது "இன்னைக்கு ரொம்ப அழுதுச்சி" என்று மட்டும் சொன்னால் காலையிலிருந்து நடந்தது தாய்க்குத் தெரியாது. எத்தனை தரம் அழுதது, என்ன நிறத்தில் வாந்தி, எப்போது மலம் போனது என்று நேரத்தோடு சொல்லவேண்டும். சந்தேகம் வந்தால் மாலை வரை காத்திராமல் உடனே மலைக்கு ஆள் அனுப்பித் தாயைக் கூப்பிட வேண்டும். கங்காணிமாரும் வெளிக்கள உத்தியோகத்தர்களும் "கொழுந்து நிறுத்திட்டுப் போ" என்று சொல்லாமல் அந்தத் தாயை அந்த நிமிடமே விடவேண்டும். அரைப்பேர் போனாலும் பிள்ளை மிஞ்சும்.

சந்தேகம் என்றால்:

1. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். ஆள் இல்லாவிட்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.
2. 1990 சுவசெரிய அம்பியுலன்ஸைக் கூப்பிடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச சேவை பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் வந்தது. தோட்டப் பெயரோடு டிவிஷன் பெயரையும், எந்த ரோட்டால் வரவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
3. விளக்கெண்ணெய், பேதி மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் கொடுக்க வேண்டாம். வயிற்றைப் பிடித்து உருவ வேண்டாம். பச்சையாக வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வழியில் பாலும் தண்ணீரும் கொடுக்காதீர்கள்.
4. கம்பளியால் போர்த்திக் கொண்டு போங்கள். கிளினிக் கார்ட்டையும், இரத்தம் பட்ட துணி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.
5. "விட்டுவிட்டு அழுகுது, பச்சையா வாந்தி எடுக்குது, இத்தனை மணியிலிருந்து" என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கண்ணூறு கழிக்க வேண்டும், கோயிலில் கயிறு கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தால், பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செய்யலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு

இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளில் வட்டப் புழு கூட்டமாகச் சேர்ந்தும் குடலை அடைக்கும். 1992இல் தோட்டங்களில் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் தாயாகும் வயதுப் பெண்களையும் பரிசோதித்தபோது நூற்றுக்கு 90 பேருக்கு மேல் புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இரு தரம் புழு மருந்து கொடுத்தார்கள். 2009இல் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது அது 29 ஆக இருந்தது. மருந்தோடு மலசலகூடமும், செருப்பும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் சேர்ந்தால் இன்னும் குறைக்கலாம்.

குடல் செருகலை அப்படி முன்கூட்டித் தடுக்க இன்று நம்மிடம் வழி இல்லை. நேரத்தோடு கண்டுபிடிக்க வழி உண்டு. நாலு மாதம் முதல் பத்து மாதம் வரை பிள்ளை இருக்கிற ஒவ்வொரு காம்பராவிலும் இந்தப் பக்கத்தை ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாயி, அப்பாயிமாருக்கு வளர்ந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். பிள்ளைக் காம்பராவின் சுவரிலும் ஒன்றை ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.