முரசில் இரத்தம் கசிகிறதா? அலட்சியம் வேண்டாம்!



காலையில் பல் துலக்கித் துப்பும்போது உமிழ்நீரோடு இரத்தமும் கலந்து வருகிறதா? வாய் நாற்றத்தை மறைக்க அடிக்கடி ஏலக்காயும் கராம்பும் மெல்ல வேண்டியிருக்கிறதா? "பிரஷ் குத்தியிருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே மாதக் கணக்கில் கடத்திவிட்டீர்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்கானதுதான்.

பிள்ளையின் விரலில் சிறு கீறல் விழுந்தாலும் பதறிப்போகும் நாம், நமது முரசில் (ஈறில்) வருடக் கணக்காக இரத்தம் கசிந்தாலும் பொருட்படுத்துவதில்லை. காரணம், முரசு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் வைத்தியரைத் தேடி ஓடுகின்றனர்.

நோய் எப்படி வளர்கிறது?

வாயிலுள்ள கிருமிகள் பல்லின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அன்றாடம் அகற்றாவிட்டால் முரசு சிவந்து வீங்கும். 1965 இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான முரசுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது குணமாகிவிட்டது. ஆரம்ப நிலையில் பரிகாரம் நமது கையிலேயே இருக்கிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆனால், படலம் அகற்றப்படாமல் கிடந்தால் உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். கேத்தலின் அடியில் படியும் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றதே இந்தப் பற்காரையும். அது முரசுக்குக் கீழேயும் இறங்கும். ஆரோக்கியமான முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீற்றர் ஆழமே இருக்கும். நோய் முற்றும்போது அது 4, 5, 6 மில்லிமீற்றர் என ஆழமாகிப் பையாக மாறும். அங்கே பிரஷும் எட்டாது, மிஸ்வாக்கும் எட்டாது. பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரையும்.

நமது நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 1985 வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இருக்கவில்லை, பற்சிகிச்சையும் கிடைக்கவில்லை. அவர்களில் 8 வீதமானோருக்கு நோய் மிக வேகமாகவும், 81 வீதமானோருக்கு மிதமாகவும் பரவியது. 11 வீதமானோருக்கு மாத்திரமே வெறும் முரசு அழற்சியோடு நின்றது. வேகமாகப் பரவியவர்கள் 45 வயதாகும்போது அநேகமாக எல்லாப் பற்களையும் இழந்துவிட்டார்கள். பல் விழுவது முதுமையின் இயல்பு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆழ்ந்த சுத்திகரிப்பு என்பது என்ன?

பையின் ஆழத்தை வைத்தியர் மெல்லிய அளவுகோலால் அளப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார். பின்னர் விறைப்பு ஊசி போட்டு, அதிரும் கருவியாலும் கைக்கருவிகளாலும் முரசுக்குக் கீழே வேரில் ஒட்டியுள்ள காரையை அகற்றிச் சுத்தம் செய்வார். ஒரே நாளில் முடிக்காமல் வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு, மூன்று தடவைகளில் செய்வதும் உண்டு. சில நாட்கள் முரசு நோகலாம். குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசலாம். அது படிப்படியாகக் குறைந்துவிடும். சில வாரங்களின் பின் மீண்டும் அளந்து பார்ப்பார்கள். ஆழமான பை எஞ்சியிருந்தால் மேலதிக சிகிச்சை தேவைப்படலாம்.

கரைந்த எலும்பு இதனால் பழையபடி வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருப்பதைக் காப்பதே இதன் நோக்கம். தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் நட்டமே.

தவறான எண்ணங்கள்

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்பார்கள். பல் ஆடுவது எலும்பு கரைந்ததாலாகும். காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வீக்கம் வற்றுவதால் பல்லிடையே இடைவெளி தெரிவதும் இயல்பே.

"பிள்ளைக்கொரு பல்" என்பார்கள். கருவிலுள்ள குழந்தை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்குகிறது. அதனால் அக்காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்பிணி என்பதைச் சொல்லிச் சிகிச்சை பெறலாம். நடு மாதங்கள் வசதியானவை.

நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், உள்ளவர்களே! கட்டுப்படாத சீனி முரசு நோயைக் கூட்டும். முரசு நோய் சீனியைக் கட்டுப்படுத்த முடியாமலாக்கும். முரசுக்குச் சிகிச்சை பெற்றால் சீனியின் அளவும் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சீனி வருத்தம், இருதய நோய், இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மாத்திரை ஆகியவை பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கூறிவிடுங்கள்.

புகைப்பவர்களுக்கு நோய் இருந்தும் இரத்தம் அதிகம் கசியாது. ஆகவே இரத்தம் வரவில்லையே என்று அவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. வீட்டு ஆண்களுக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

நோன்பும் கூச்சமும்

தண்ணீரையோ இரத்தத்தையோ விழுங்காதவரை பற்சுத்திகரிப்பால் நோன்பு முறியாது என 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி தீர்மானித்தது. பிற்போடுவதால் தீங்கு நேராதவற்றை நோன்பு திறந்த பின் வைத்துக்கொள்வது நல்லது என்றும் அது அறிவுறுத்தியது. ஆகவே ரமழானுக்கு முன்பே இதனை முடித்துக்கொள்வது பேணுதலானது.

ஆண் வைத்தியரிடம் செல்லக் கூச்சமாயின் பெண் பல் வைத்தியரிடம் நேரம் கேளுங்கள். நமது நாட்டில் பெண் பல் வைத்தியர்கள் பலர் கடமையாற்றுகின்றனர். மஹ்ரமான ஒருவரையோ ஒரு சகோதரியையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. வெட்கத்தால் நோயை வளர்ப்பதை மார்க்கம் விரும்பவில்லை.

வாயின் தூய்மைக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த முக்கியத்துவத்தை நாம் அறிவோம். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற இரக்கம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள். சிகிச்சைக்குப் பின் பல்லைக் காப்பதும் அந்த அன்றாடத் தூய்மைதான். இரவு தூங்குமுன்னும் காலையிலும் புளோரைட் கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பல்லிடைகளை நூலாலோ சிறு பிரஷாலோ சுத்தம் செய்யுங்கள். வைத்தியர் குறித்த தவணைகளைத் தவறவிடாதீர்கள்.

சகோதரியே! வீட்டில் எல்லோருக்கும் மருந்தெடுத்த பின்னர்தான் உங்கள் முறை வருகிறது. இம்முறை அதைப் பிற்போட வேண்டாம். நாளைக் காலை துப்பும்போது ஒருகணம் நின்று பாருங்கள். சிவப்புத் தெரிந்தால் அந்த வாரமே வைத்தியரிடம் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக!