குருதியிலுள்ள துணைப்படை

கிருமியைக் கொல்வது எது? பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலே 1895ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிஞர் யூல்ஸ் போர்டே இதனை ஆராய்ந்தார். நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதித் தெளிநீரை 55 பாகை சதமளவுக்குச் சூடாக்க, அதன் கொல்லுந்திறன் அழிந்தது. சாதாரண விலங்கின் புதிய தெளிநீரைச் சேர்க்க, மீண்டது. கிருமியை இனங்காட்டும் பிறபொருளெதிரிக்கு, வெப்பந் தாங்காத துணையொன்றும் வேண்டுமென்பது புலனாயிற்று. 1919ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசு அவருக்குக் கிட்டியது.

‘நிரப்பி’ எனப்படும் அத்துணை, பல புரதங்களின் அணியாகும். முதற்புரதம் பிறபொருளெதிரியைப் பற்றியதும், ஒன்றையொன்று தூண்டி, ஈற்றிற் கிருமியின் மென்சவ்வைத் துளைக்கின்றன.

இறந்த கலங்களின் எச்சங்களை அகற்ற உதவுவதும் அம்முதற்புரதமே. பிறவியிலேயே அஃது இல்லாதோருட் பெரும்பாலோரை, உடல் தன்னையே தாக்கும் ‘லூப்பஸ்’ நோய் பற்றுகின்றது. காவலன் இல்லாத வீட்டிலே உட்பகையும் தோன்றுமென்பதை நாம் உணர்தல் வேண்டும்.