குளிர்ந்த காற்றிலும் கை வியர்ப்பது ஏன்?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரல் காற்று புளியறை ஊரைக் குளிர்விக்கும். அப்போதும் சிலருக்கு உள்ளங்கை நனைந்தே இருக்கும். ஏன்?

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. நரம்புகள் அவற்றை அளவுக்கு மீறித் தூண்டினால், வெயில் இல்லாமலும் வியர்க்கும். இது அசுத்தமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல.

எப்படிக் குறைப்பது? அலுமினியம் குளோரைடு மருந்தை இரவில் உலர்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவினால், சுரப்பியின் வாய் தற்காலிகமாக அடைபடும். கையைத் தண்ணீரில் வைத்து மிகக் குறைந்த மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. போட்டுலினம் ஊசி, நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சில மாதங்கள் தடுத்துவைக்கும்.

தைராய்டு கோளாறாலும் வியர்வை கூடலாம். கூச்சப்படாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.