கணம்: எண்ணுக்கும் அடியில் ஓர் அடித்தளம்

கணிதத்தில் கணம் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும், ஓசூருக்கு அருகிலுள்ள கெலமங்கலத்தில் ஒவ்வொரு மொழியையும் பேசுவோரை ஒரு கணமாகக் கொள்ளலாம். தமிழும் கன்னடமும் அறிந்தவர்கள் இரு கணங்களின் வெட்டில் இருப்பார்கள். இவ்விரண்டில் ஒன்றையாவது அறிந்த எல்லோரும் அவற்றின் சேர்ப்பில் அடங்குவார்கள்.

எண்ணாமலேயே இரு கணங்களை ஒப்பிடவும் முடியும். ஓசூர் பேருந்தில் இருக்கைக்கு ஒருவர் அமர்ந்து, காலி இருக்கையும் இல்லை, நிற்பவரும் இல்லை என்றால் இருக்கைகளும் பயணிகளும் சமம். இந்த இணைப்பு முறையை முடிவிலிக்கும் நீட்டியவர் கணிதவியலாளர் கியார்க் கேண்டர். 1, 2, 3... என்ற எண்களை 2, 4, 6... என்பவற்றோடு ஒன்றுக்கொன்று இணைக்கலாம். ஆகவே இரண்டும் அளவில் சமம். எண்கோட்டின் எல்லாப் புள்ளிகளையும் குறிக்கும் மெய்யெண்களை 1, 2, 3... என்பவற்றோடு அப்படி இணைக்க முடியாது என்று 1874-ல் அவர் நிறுவினார். முடிவிலியிலும் சிறியது, பெரியது உண்டு.

1901-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு முரணைக் கண்டார். தன்னைத் தனக்கே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தையும் திரட்டினால், அந்தத் திரட்டு தனக்கே உறுப்பா? ஆம் என்றால் இல்லை. இல்லை என்றால் ஆம். நினைத்ததையெல்லாம் கணம் என்று சொல்ல முடியாதபடி 1908-ல் எர்ன்ஸ்ட் செர்மெலோ அடிக்கோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்கும் அடிப்படை விதிகளை, வகுத்தார். இன்றைய கணிதத்தின் பெரும்பகுதி அவற்றின் விரிவாக்கத்தின் மேல் நிற்கிறது.



அடிக்கோள்களுக்கும் எல்லை உண்டு. எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணற்ற, முறையாக எழுதத்தக்க எந்த அடிக்கோள் தொகுப்பிலும் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்று ஒன்று இருக்கும் என்று 1931-ல் குர்ட் கோடெல் காட்டினார்.