தூங்கவிடாத காத்தாடி

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை. கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பக்கத்து அறைப் பெண் எழுதியது. நர்ஸிங் படிக்கிறார். காலை ஷிஃப்ட் என்றால் நாலரை மணிக்கெல்லாம் எழுந்து ஓடணும். "மூன்று ராத்திரியாக உங்கள் அறையிலிருந்து ஏதோ அரைக்கிற சத்தம் கேட்கிறது. தூங்க முடியவில்லை. கொஞ்சம் பார்க்க முடியுமா?" கடைசியில் ஒரு சிரிப்பு பொம்மை வேற. அந்த பொம்மைதான் அதிகமா குத்துச்சு.

ஜெர்மனியில் இருக்கிற மக்களுக்குத் தெரியும், இங்கே ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் அமைதி நேரம். அந்த நேரத்தில் வாஷிங் மெஷின் போட்டாலே முறைப்பாங்க. நான் என்னடான்னா மாவு மில் ஓட்டிட்டு இருந்திருக்கேன்.

என் தரப்பு நியாயத்தையும் கேளுங்க. தீசிஸ் கொடுக்க இன்னும் மூணு வாரம்தான். சிமுலேஷன் ராத்திரி பூரா ஓடினால்தான் காலையில் ஒரு வரைபடம் கிடைக்கும். நிறுத்த முடியாது. ஊருக்குப் போன சீனியர் ஒருத்தர்கிட்ட வாங்கின ஆறு வருஷப் பழைய கம்ப்யூட்டர் அது. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லையான்னு நீங்க கேட்கலாம். சத்தியமா உறைக்கலை. சங்கரன்கோவில்ல வெயில் காலத்தில் மொட்டை மாடிச் சூடு இறங்குற அறையில், தலைக்கு மேல காத்தாடி கடகடன்னு ஓட, அந்தத் தாலாட்டில் தூங்கி வளர்ந்த உடம்பு. நமக்கெல்லாம் கரண்ட் போய் காத்தாடி நின்னாத்தான் முழிப்பு வரும். இங்கே உள்ளவங்களுக்கு அது ஓடினால் முழிப்பு வருது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குற்றவாளி யாரு?

ஒரு கம்ப்யூட்டரில் குறைஞ்சது மூணு நாலு காத்தாடி இருக்கும். முதலில் எது கத்துதுன்னு கண்டுபிடிக்கணும். பெட்டியில் உள்ள மற்ற காத்தாடிகளை ஒவ்வொண்ணா வயரைக் கழற்றி ஒரு நிமிஷம் கேட்டுப் பார்த்தேன். (பிராசஸர் மேல இருக்கிறதை மட்டும் கழற்றாதீங்க, சூடாயிடும்.) அப்புறம் கிச்சன் டிஷ்யூ சுருட்டின அட்டைக் குழாயை ஸ்டெதஸ்கோப் மாதிரி காதில் வச்சு ஒவ்வொரு இடமா கேட்டேன். பவர் சப்ளை பக்கம் போனதும் 'கர்ர்ர்' என்று தெளிவா கேட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா சத்தமும் காத்தாடிச் சத்தம் இல்லை. கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிசா வந்து, வேலை கூடக் குறைய ராகம் மாறுச்சுன்னா, அது காயில் அதிர்கிற சத்தம். அதுக்குக் காத்தாடி மாத்தினா காசுதான் போகும். கரகரன்னு அரைச்சா பேரிங் போச்சு. 'உஸ்ஸ்'னு காத்துச் சத்தம் மட்டும்னா வேகம் அதிகம், இல்லைன்னா தூசி அடைப்பு. என்னுடையது முதல் வகை, சந்தேகமே இல்லை. தூசி ஊதிப் பார்த்தேன், ஒண்ணும் மாறலை.

அப்பா நுழைகிறார்

சத்தம் போடாத புது பவர் சப்ளை 80 யூரோ பக்கம் கேட்டாங்க. என் மாசச் சாப்பாட்டுக் கணக்கில் பாதி. காத்தாடி மட்டும்னா 15 யூரோ. எந்தப் பக்கம் மனசு சாயும்னு சொல்லணுமா?

எங்கப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். லீவுல அந்தக் கடையில்தான் நான் வளர்ந்தேன். வீடியோ காலில் பெருமையா சொன்னேன். "பவர் சப்ளையைத் திறந்து காத்தாடியை மாத்தப் போறேன்பா."

அவர் உடனே கேட்டது: "ஏலே, அதுல கண்டென்சர் எத்தனை வோல்ட்டு?"

பார்த்துச் சொன்னேன். 400 வோல்ட். இப்போ வர்ற பவர் சப்ளைகளில் சுவர் பிளக்கிலிருந்து வர்ற 230 வோல்ட்டை முதலில் 380, 400 வோல்ட் நேர்மின்சாரமா ஏத்தி ஒரு பெரிய கண்டென்சரில் தேக்கி வச்சுத்தான் மற்ற வேலையெல்லாம் நடக்குது. பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தத் தேக்கம் உள்ளேயே இருக்கும்.

"மீட்டர் இருக்கா?"

"இல்லைப்பா. பத்து நிமிஷம் விட்டா தானா இறங்கிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவன் கையையா உள்ள விடப் போறான்? மீட்டர் வாங்காம மூடியத் தொடாதே."

வாங்கினேன். லேப் நண்பர்கிட்ட கடன்தான், ஹி ஹி.

எந்தக் காத்தாடி?

இதில்தான் நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

1. அளவு. என்னுடையது 120 மிமீ, கனம் 25 மிமீ. ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே 105 மிமீ. 140 மிமீ காத்தாடின்னா 124.5 மிமீ, பழைய 80 மிமீ வகைன்னா 71.5 மிமீ. சில பவர் சப்ளைகளில் 135 மிமீன்னு ரெண்டுங்கெட்டான் அளவு இருக்கும், அதுக்குக் கடையில் ஜோடி கிடைக்கிறது கஷ்டம். முதலில் ஸ்கேலை எடுங்க, அப்புறம் பர்ஸை எடுங்க.

2. அழுத்தம். காத்து அளவை மட்டும் பார்த்து வாங்குறது பொதுவான தப்பு. பவர் சப்ளைக்குள்ளே ஹீட் சிங்க், காயில், வயர்னு நெருக்கடி. அதுக்குள்ளே தள்ளிக்கிட்டுப் போற காத்தாடி வேணும். நாக்டுவாவின் ரெண்டு மாடலையே பாருங்க. என்எஃப்-எஸ்12ஏ மணிக்கு 107.5 கன மீட்டர் காத்து தரும், ஆனா அழுத்தம் 1.19 மிமீ நீர் அளவுதான். என்எஃப்-பி12 ரீடக்ஸ் 1300 தருவது 92.3 கன மீட்டர்தான், ஆனா அழுத்தம் 1.68 மிமீ. திறந்த வெளிக்கு முன்னது, நெருக்கடிக்குப் பின்னது. நான் பின்னதை எடுத்தேன்.

3. வேகம். காத்தாடி வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைஞ்சாலே காதுக்குப் பாதிச் சத்தமாத் தெரியும். அதனால் மெதுவா ஓடுற பெரிய காத்தாடிதான் நமக்குத் தோழன். பெட்டியில் போட்டிருக்கிற டெசிபெல் கணக்கை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிடாதீங்க, ஆளாளுக்கு ஒரு மாதிரி அளக்குறாங்க.

4. கிளம்புற வோல்ட். பவர் சப்ளை தன் காத்தாடியை சூட்டுக்கு ஏத்த மாதிரி வோல்ட்டைக் கூட்டிக் குறைச்சு ஓட்டும். ஆரம்பத்தில் 12 வோல்ட் கொடுக்காது, 4, 5 வோல்ட்தான் இருக்கும். அதில் சுத்த ஆரம்பிக்காத காத்தாடி அப்படியே நின்னுடும், உள்ளே வேகும். புதுக் காத்தாடியை முதலில் யூஎஸ்பி சார்ஜரின் 5 வோல்ட்டில் போட்டுப் பார்த்தேன். தயங்காம சுத்துச்சு. நாலு வயர் வகையைவிட மூணு வயர் வகை இதுக்கு நிம்மதி.

5. போதுமா? இதுதான் முக்கியமான கேள்வி. பழையது முழு வேகத்தில் புதுசைவிட ரொம்ப வேகமா ஓடக்கூடியது. அப்போ குளிர்ச்சி குறையுமே? பிளக்கில் வாட் மீட்டர் போட்டு அளந்தேன். சிமுலேஷன் ஓடும்போது 190 வாட். பவர் சப்ளை திறன் 85 சதவீதம்னு வச்சா, அதுக்குள்ளே சூடா மாறுவது 28 வாட்தான். காத்து 10 டிகிரிக்கு மேல சூடாகாம இதை வெளியேத்த மணிக்கு 8 கன மீட்டர் காத்தே போதும். நெருக்கடியில் பாதி வீணானாலும் தாங்கும். இதே நீங்க பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டு 450 வாட் இழுக்கிறவங்கன்னா, இந்த வேலையே வேண்டாம். கண்டென்சர் 10 டிகிரி கூடுதலா சூடானால் ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அமைதி வாங்கப் போய் ஆயுசை விற்கக்கூடாது.

ஆபரேஷன்

சனிக்கிழமை மத்தியானம். பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் ஆச்சு. வீடியோவில் அப்பா. நாலு ஸ்க்ரூ கழற்றி மூடியைத் தூக்கினேன். (வாரண்டி இருந்தா இந்த நிமிஷத்தில் அது காலி.)

"மீட்டரை வை."

வச்சேன். 47 வோல்ட்.

ரெண்டு பேரும் பேசலை. மீட்டர் இல்லைன்னா அந்நேரம் என் வெறும் கை அங்கே இருந்திருக்கும். 47 வோல்ட் பெரிசா ஒண்ணும் பண்ணாமல் போயிருக்கலாம். ஆனா பத்து நிமிஷம்னு எல்லாரும் சொன்னதை நம்பி நான் பூஜ்யம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, அதுதான் வயித்தைக் கலக்கிடுச்சு. உள்ளே அதை இறக்குற ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் 47க்குப் பதில் என்ன காட்டியிருக்கும்?

"போய் டீ குடிச்சுட்டு வா. அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ணாதே"ன்னார். ஒரு மணி நேரம் கழிச்சு அளந்தேன். ரெண்டு வோல்ட்டுக்கும் கீழே. அப்புறம்தான் தொட்டேன். எங்கே வச்சு அளந்தேன்னு இங்கே எழுதப் போறதில்லை. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மிச்சம் சுருக்கமா. புதுக் காத்தாடியின் பிளக் உள்ளே இருக்கிற சின்ன ரெண்டு பின் சாக்கெட்டில் சேராது. பழசின் வயரை வெட்டி, அந்த பிளக்கோடு புதுசை ஒட்டணும். நிறத்தை நம்பாதீங்க! சில காத்தாடிகளில் மஞ்சள் வயர் வேக சிக்னல், வேற சிலதில் மஞ்சள்தான் 12 வோல்ட். மூணு வயர் பிளக்கில் நடுவில் இருப்பதுதான் 12 வோல்ட், இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஒரு ஓரம் கறுப்பு, இன்னொரு ஓரம் சிக்னல். சிக்னல் நமக்கு வேண்டாம், ஆனா நுனியை மூடிடணும். இன்சுலேஷன் டேப் சூட்டில் கழண்டுக்கும், சுருங்குற ட்யூப்தான் சரி.

பழைய காத்தாடியில் பாதியை மறைச்சு ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்துச்சு. குப்பைன்னு தூக்கிப் போட இருந்தேன். காத்து குறுக்கு வழியில் பின்பக்கமா ஓடிடாம, உள் மூலை வரை போகத்தான் அது. அதையும் திரும்ப மாட்டினேன். காத்து உள்நோக்கி அடிக்குதான்னு டிஷ்யூத் துண்டு வச்சுப் பார்த்துக்கிட்டேன்.

அப்புறம்?

முதல் ரெண்டு நாள் நான் முழிச்சிருக்கும்போது மட்டும்தான் ஓட்டினேன். வெளியேறுற காத்து முன்னே 33 டிகிரி, இப்போ 36. பரவாயில்லை. மூணாம் நாள்தான் ராத்திரிக்கு விட்டேன். அந்த ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரலை. ரொம்ப அமைதியா இருந்துச்சு. ஓடுதா நின்னுடுச்சான்னு ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

காலையில் கதவில் மறுபடி மஞ்சள் சீட்டு. பயந்துக்கிட்டே எடுத்தேன். "நன்றி. எட்டு மணி நேரம்." அவ்வளவுதான். கூட ஒரு சாக்லேட்.

அப்பாகிட்ட காட்டினேன். சிரிச்சார். அப்புறம் சொன்னார்: "ஆறு வருஷப் பழசுலே. பேரிங் போச்சுன்னா மத்ததும் பின்னாலயே வரும். பரீட்சை முடிஞ்சதும் புதுசு வாங்கிடு. ரூவா நான் அனுப்புறேன்."

தீசிஸை அவர் பரீட்சைன்னுதான் சொல்வார். வாங்கிடுவேன்பா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது மீட்டர் இல்லாம மூடியைத் திறந்தீங்கன்னா, எங்கப்பா நம்பரைக் கொடுத்து ஏச்சு வாங்க வைப்பேன்.