‘தானா விழுந்தாரா, கார் மோதுச்சா?’: விபத்து கேஸ் ஷீட்டில் ஒரு வரி என்னவெல்லாம் செய்யும்?

பைக்கில் போனவர் மீது கார் மோதுகிறது. இடது கால் முறிகிறது. வலி எங்கே போனாலும் ஒன்றுதான். ஆனால், அந்த முறிவை டாக்டர் எந்த வார்த்தையில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து இன்சூரன்ஸ் பணம், போலீஸ் போடும் சட்டப்பிரிவு, பின்னாளில் கிடைக்கும் இழப்பீடு எல்லாமே மாறலாம். இது நன்றாகத் தெரிந்தவர்கள் சென்னை, கோவை, திருச்சி என ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள்தான் மெடிக்கல் கோடர்கள்.

அமெரிக்க விபத்து, சென்னை ஷிஃப்ட்

உயிரியல், நர்சிங், பார்மசி படித்த பலர் சேரும் வேலை இது. அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, நோயையும் காயத்தையும் ‘ஐசிடி-10-சிஎம்’ என்ற குறியீடுகளாக மாற்ற வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தத் தொகுப்பு, அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனை அனுப்பும் பில்லில் இந்த கோடு இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது.

மேலே சொன்ன அதே கால் முறிவை எடுத்துக்கொள்வோம். அதற்கான கோடு ‘எஸ்82.222பி’ ஆக இருக்கலாம். ‘எஸ்’ என்றால் காயம். ‘82’ முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவு. அடுத்து வரும் மூன்று ‘2’களுக்கும் தனித்தனி வேலை. முதலாவது, முறிந்தது டிபியா எலும்பின் நடுத்தண்டு என்கிறது. இரண்டாவது, குறுக்காக முறிந்திருக்கிறது என்கிறது. மூன்றாவது, இடது கால், எலும்பு இடம் விலகியிருக்கிறது என்கிறது. கடைசியில் இருக்கும் ‘பி’தான் கவனிக்க வேண்டியது. தோல் கிழிந்து, வெளிக்காற்று படும்படியான ‘ஓப்பன்’ முறிவு, அதில் முதல் அல்லது இரண்டாம் வகை, தீவிர சிகிச்சை நடக்கிறது என்று அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடும். தோல் கிழியாத முறிவு என்றால் ‘ஏ’. காயம் மிக மோசமான மூன்றாம் வகை என்றால் ‘சி’.

டாக்டர் எழுத மறந்தால்?

முறிவு ‘ஓப்பன்’ என்று குறிப்பில் இல்லையென்றால் ‘குளோஸ்டு’ என்றே கோடு போட வேண்டும். இது கோடர் எடுக்கும் முடிவு அல்ல, அதிகாரபூர்வ விதி. ஆபரேஷன் தியேட்டரில் காயத்தை மணிக்கணக்கில் கழுவிச் சுத்தம் செய்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தை விடுபட்டால் காகிதத்தில் அது தோல் கிழியாத முறிவுதான். அப்புறம் இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும்: “குளோஸ்டு முறிவுக்கு எதுக்கு இந்த சர்ஜரி?”

கோடருக்குச் சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ‘கொயரி’ அனுப்பலாம். ஆனால் “ஓப்பன்னு எழுதிடுங்க சார்” என்று கேட்கக் கூடாது. குறிப்பில் இருக்கும் தகவலைக் காட்டி, முறிவு எந்த வகை என்று பொதுவாகத்தான் கேட்க வேண்டும். பதிலை வாயில் ஊட்டினால் அது பில்லிங் மோசடி வரை போய் நிற்கும்.

தலைக்காயத்திலும் இதே சிக்கல்தான். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என்றால், நினைவு தப்பியது 30 நிமிடங்களுக்குள்ளா, 31 முதல் 59 நிமிடங்களா, 24 மணி நேரத்தைத் தாண்டியதா என ஒவ்வொன்றுக்கும் தனி கோடு இருக்கிறது. “கொஞ்ச நேரம் மயக்கமா இருந்தார்” என்று எழுதினால் ‘நேரம் குறிப்பிடப்படவில்லை’ என்ற பெட்டியில்தான் போய் விழும்.

விபத்து எப்படி நடந்தது என்பதற்கும் ‘வி’ வரிசைக் கோடுகள் உள்ளன. பைக்கில் போனவர் மீது கார் அல்லது வேன் மோதினால் ‘வி23’. பஸ், லாரி என்றால் ‘வி24’. யாரும் மோதாமல் தானாகச் சறுக்கி விழுந்தால் ‘வி28’. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமாக இவை கட்டாயமில்லை. மாநிலமோ இன்சூரன்ஸ் நிறுவனமோ கேட்டால்தான் கட்டாயம்.

நம்ம ஊர் கேஷுவாலிட்டியில்...

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைக்கு விபத்து கேஸ் வந்தால் ‘ஏஆர்’ எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவாகும். இங்கே ‘வி23’, ‘வி28’ எல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. அழைத்து வந்தவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது, நினைவு இருந்ததா, காயத்தின் அளவு என்ன, அங்க அடையாளம் என்ன என்று டியூட்டி டாக்டர் கேட்டு எழுதுவார். போலீஸுக்குத் தகவல் போகும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். போலீஸ், கோர்ட் அலைச்சலுக்குப் பயந்து, “தானா ஸ்லிப் ஆகி விழுந்துட்டார் டாக்டர்” என்று கூட வந்தவர் சொல்லிவிடுவார். மோதிய காரின் ஓட்டுநரே அழைத்து வந்தால் சொல்லவே வேண்டாம். சில மாதம் கழித்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் காட்டும் காகிதமே அந்த ஏஆர் காப்பியாக இருக்கும். தானாக விழுந்தவருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் பணம் கொடுக்க எதிர்த்தரப்பே இல்லையே! டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் பார்த்ததைக் காயமாகவும், கேட்டதை ‘கூறப்படுகிறது’ என்றும்தான் எழுதுவார்.

காயத்தின் தன்மை குற்ற வழக்கையும் மாற்றும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவின்படி எலும்பு முறிவு என்பது கொடுங்காயம். அலட்சியமாக ஓட்டிச் சாதாரண காயம் ஏற்படுத்தினால் 125-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை. கொடுங்காயம் என்றால் 3 ஆண்டுகள் வரை. எக்ஸ்-ரேயில் தெரிந்த மெல்லிய விரிசல் காயச் சான்றிதழில் ஏறாமல் போனால், வழக்கு சாதாரண காயத்தோடு நின்றுவிடும்.

ஊனத்தின் சதவீதத்திலும் குழப்பம் உண்டு. ஒரு காலுக்கு 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் சொன்னால், வருமானமும் 40 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காலின் ஊனம் வேறு, முழு உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு தீர்ப்பில் பிரித்துக் காட்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும், பைக்கில் உணவு டெலிவரி செய்பவருக்கும் அதே முறிவு வேறு வேறு இழப்பு. அதனால் ‘40%’ என்ற எண்ணை மட்டும் எழுதாமல், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, மாடி ஏற முடிகிறதா, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று எழுதியிருக்கும் சான்றிதழுக்கு வலு அதிகம்.

பதிவில் தவறு இருந்தால்?

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியை வாங்கி அப்படியே பைக்குள் வைக்காமல், இடதா வலதா, தேதி, விபத்து நடந்த விதம் மூன்றையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இடது, வலது மாறியிருப்பது ஒன்றும் அபூர்வமில்லை. தவறு இருந்தால் சிகிச்சை அளித்த டாக்டரிடமே எழுத்துமூலம் கேட்க வேண்டும். பழைய எழுத்தின் மீது அடித்து எழுதினால் நீதிமன்றத்தில் சந்தேகம்தான் வரும். புதிய குறிப்பாக, எழுதிய தேதியோடும் கையெழுத்தோடும் சேர்ப்பதுதான் முறை. சென்னையில் அமெரிக்க கேஸ் பார்க்கும் கோடரும் அப்படி ஒரு பின்சேர்க்கை வந்தால்தான் ‘ஏ’-வை ‘பி’ ஆக்குவார்.